தொடக் கூடாத வானம்

அத்தியாயம் 14

கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி காலையிலிருந்து காலியாகவே இல்லை. மாமனார் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை. தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை. மடியில் வெள்ளைப் பருத்திக் கையுறைகள். கல்யாண மாப்பிள்ளைகூட இத்தனை தயாராக உட்கார்ந்திருக்க மாட்டான்.

மருமகள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "மாடியில போய் உக்காருங்க மாமா. குட்டி வந்ததும் நானே கூப்பிடறேன்."

"எதுக்கும்மா? இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

அவருக்கு வெளிச்சத்தால் பயனில்லை என்ற விஷயம் அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுவும் போன வாரம்தான் தெரியும்.

அந்தக் கடையை ஆரம்பித்தவர் அவர்தான். இப்போது உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பது மகன். முன்னறையில் கண் பரிசோதிப்பது மருமகள். போன வாரம் அவள் சுவரில் மங்கிப்போயிருந்த எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்றை மாட்டினாள். வருடா வருடம் செய்வதுபோல அன்றைக்கு மாமனாருக்கும் பரிசோதனை. அவர் மோவாயை உயர்த்தி, கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் ஒப்பித்தார். எல்லாம் பழைய அட்டையின் எழுத்துகள். அந்த அட்டை அப்போது கதவுக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

எழுத்தைச் சுட்டும் குச்சியைப் பிடித்த கை பிடித்தபடியே அவள் நின்றுவிட்டாள். அவர் ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்துகொண்டார். "அட்டையை மாத்திட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஓரத்தில் தெரிகிறது, நடுவில்தான் இல்லை. படி தெரியும், கதவு தெரியும், எதிரே ஆள் வருவது தெரியும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் அழித்துவிட்டாற்போல மறைந்துபோகும். முகத்தைப் பார்த்தால் முகம் இருக்காது, காது இரண்டும் இருக்கும். யாரிடமும் மூச்சு விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"உங்க பிள்ளைகிட்ட…" என்று அவள் ஆரம்பித்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். குட்டியின் நாணயம் வரட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் கணவன் லென்ஸ் தூளைத் துடைத்தபடி, அப்பா கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த நாணயம் இன்றைக்கு வருகிறது.

குட்டி என்பது அவளுடைய நாத்தனார். முன்நெற்றியில் நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவள் குட்டிதான். நாணயச் சாலையில் சிற்பியாக இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை அங்கே பெயர்பெற்ற ஓவியம் ஒன்றை வெள்ளி நாணயத்தில் பொறித்து வெளியிடுவார்கள். கடைத்தெருவில் செல்லுபடியாகிற நாணயமல்ல அது. சேகரிப்பவர்கள் வாங்கி வைத்துப் பார்த்துப் பார்த்து மகிழ்வதற்காக அடிப்பது. உள்ளங்கையை நிரப்பும் அளவு. இந்த வருடம் தேர்வானது குட்டி செய்த அச்சு. அதுவும் எந்த ஓவியம்?

'மழைக்கு முன்.'

அந்த ஓவியத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பிஸ்கட் டப்பாவில் இருக்கும், காலண்டரில் இருக்கும், பள்ளிக்கூடப் பென்சில் பெட்டியில் இருக்கும். மொட்டை மாடியில் ஒரு பெண் கொடியில் காயும் துணியை அவசரமாக எடுக்கிறாள். ஒரு கை கயிற்றில். முகம் மட்டும் வானத்தைப் பார்த்து அண்ணாந்திருக்கிறது. பக்கத்தில் பெரிய வெள்ளை விரிப்பு ஒன்று காற்றில் உப்பி நிற்கிறது. அந்த விரிப்புக்குக் கீழே, ஒளிந்து விளையாடும் குழந்தையின் இரண்டு பாதங்கள். அவ்வளவுதான். குழந்தை இருப்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று வீட்டுக்கு வீடு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அதன் அசல் தொங்குகிற அருங்காட்சியகத்துக்கு மாமனார் மாதம் தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர். மற்ற அறைகளையெல்லாம் ஓட்டமாகக் கடந்து நேரே இதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாராம். பசிக்கிறது என்று மகன் அழுத பிறகுதான் கிளம்புவாராம்.

நாணயச் சாலை வெளியிட்ட ஓவிய நாணயங்கள் அத்தனையும் மாடியில் அவர் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வட்டமான கண்ணாடி டப்பிக்குள். அவற்றை வெளியே எடுப்பதென்றால் மேஜைமேல் வெல்வெட் துணி விரிக்க வேண்டும், கையுறை போட வேண்டும், விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் பேசக்கூடக் கூடாது. எச்சில் தெறித்தால் புள்ளி விழும். நாணயத்தின் முகத்தில் விரல் படவே கூடாது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் ஒரு நாணயத்தை நோக்கி அவள் விரலை நீட்ட, வீடே ஒரே குரலில் "தொடாதே" என்று கத்தியது. அடுப்பைத் தொடப் போகிறோமோ என்று அவள் நடுங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவர் இன்றைக்கு ஒன்றைப் பார்க்கப் போகிறார். பார்க்க முடியாத கண்ணால்.

"மாமா, குட்டிகிட்ட மட்டுமாவது சொல்லிடலாம்" என்றாள் மருமகள், உள்ளறையில் இயந்திரம் ஓடுகிற சத்தத்தின் மறைவில்.

அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

"ரெண்டு வருஷமா அதைச் செஞ்சிருக்கா. யாருக்காக? மேலதிகாரிக்காகவா? இந்தக் கண்ணு பாக்கணும்னு செஞ்சிருக்கா. பாத்துட்டாருன்னு அவ மனசு நிறையட்டும். நாளைக்கு நீ தெருத் தெருவா தண்டோரா போடு, நான் தடுக்கல."

"அவகிட்ட எப்படிப் பேசுவீங்க?"

"எப்படியா? அந்தப் படம் எனக்குத் தலைகீழாப் பாடம். முழுப் படமும் போடறேன்பா, பாதம் வரைக்கும் வரும்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்கா. நான் பாத்ததைப் பத்தித்தானே பேசப் போறேன்."

"அட்டையும் பாடமாத்தான் இருந்துது" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்ததே நான்தான். என் வாயை அடைக்கறதுக்குன்னே கொண்டு வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து கணவன் தலையை நீட்டி, என்ன இரண்டு பேரும் காலையிலேயே கூட்டுச் சதி என்று கேட்டான். ஒன்றுமில்லை, உன் மூக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்றார் அவர். அவன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

குட்டி வந்தபோது கடை வாசலில் வெயில் இறங்கியிருந்தது.

எப்போதும்போலத்தான் வந்தாள்: தோளில் பை, நகக்கண்களில் பிளாஸ்டர் மாவு, ஒரு பக்கம் கழன்ற தலைமுடி. வந்ததும் வராததுமாக அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"ராத்திரி பூரா தூக்கமே இல்ல அண்ணி. பரீட்சை முடிவுக்குக் காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு."

"அதுதான் எல்லாரும் சம்மதிச்சு வெளியே வந்தாச்சே. இனிமே என்ன பரீட்சை?"

குட்டி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

பையிலிருந்து கருநீலப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தவள், உடனே திறக்கவில்லை. முதல் நாணயம் அடித்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இது வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது என்று வாய்ப்பூட்டு. இப்போது கொட்டித் தீர்த்தாள்.

முதலில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பிளாஸ்டர் வட்டத்தில் செதுக்க வேண்டுமாம். பெரிதாகச் செய்ததை இயந்திரம் சிறிதாக்கி எஃகில் பொறிக்கும். பெரிய வட்டத்தில் மலைபோலத் தெரிகிற மேடு, நாணயத்துக்கு வரும்போது இரண்டு மூன்று முடியின் கனம்தான் இருக்கும். அந்தக் கனத்துக்குள்ளேயே மாடி, கயிறு, கிளிப், பெண், காற்று எல்லாம் நிற்க வேண்டும். ஓவியருக்கு வண்ணம் இருந்தது. கருத்த மேகம் வேண்டுமென்றால் கறுப்பைத் தொட்டுப் பூசிக்கொள்ளலாம். அவளிடம் மேடும் பள்ளமும் தவிர ஒன்றும் கிடையாது.

"அப்ப மேகத்தை என்ன பண்ணினே?" என்று கேட்டாள் மருமகள்.

"மேகமே போடல. வானத்தை வெறும் கண்ணாடி மாதிரி பளபளன்னு விட்டுட்டேன். யார் குனிஞ்சு பாக்கறாங்களோ அவங்க முகம்தான் வானத்துல வரும்."

மருமகளுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

அன்றைக்கு அச்சடிக்கும் அறையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்களாம். ஒன்றுமில்லாத வெள்ளி வட்டு ஒன்றைக் கையுறை போட்ட ஊழியர் இயந்திரத்துக்குள் வைத்துச் சின்னக் கதவை மூடினார். இயந்திரம் இறங்கியது. சத்தம் காதில் விழவில்லை, உள்ளங்காலில் விழுந்தது. மறுபடி இறங்கியது. கதவு திறந்தபோது அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள போனது வெறும் வட்டு அண்ணி. வெளிய வந்தப்ப அதுல காத்து அடிச்சுக்கிட்டிருந்துது. செஞ்சவ நானே ரெண்டடி பின்னால போயிட்டேன்."

மாமனார் கையுறையைப் போட்டுக்கொண்டார். "போதும், கொண்டா."

அதன் பிறகு நடந்ததை மருமகள் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி டப்பியைத் திறந்து நீட்ட, அவர் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பற்றி எடுத்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தினார். நாணயத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார், நிமிர்த்தினார், அரைச் சுற்று திருப்பினார். மூச்சை அடக்கிக்கொண்டார். வருடக்கணக்காக அவர் செய்துவந்த அத்தனை சடங்கும் ஒன்று விடாமல் நடந்தது. விஷயம் தெரிந்த அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை இதற்கு மட்டும் கண் திறந்துகொண்டதோ என்று.

அவர் சாய்த்தபோதுதான் அவளும் முதன்முதலாக அதைப் பார்த்தாள்.

ஒரு வினாடிதான் தெரிந்தது. பால்போல வெளுத்த விரிப்பு. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் காற்று. அண்ணாந்த முகத்தில் கன்னத்து எலும்பு மின்னியது. அந்தப் பெண்ணுக்கு மேலே வானம் இருந்த இடத்தில் ஜன்னலும் தெருவும், போகிற ஒரு சைக்கிளும் தலைகீழாக ஓடின. வெள்ளியில் செய்த ஒரு துண்டு உலோகம் என்று மருமகளின் மனம் நம்ப மறுத்தது. யாரோ ஒரு மாடியை அப்படியே வெட்டி எடுத்து அவர் விரல்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள்.

"அடடா" என்றார் மாமனார். குரல் தழுதழுத்தது, அது நடிப்பல்ல. "கழுத்து நிமிந்திருக்கற அழகைப் பாரேன். கயிறு எத்தனை மெல்லிசு."

குட்டியின் கண்கள் பளபளத்தன. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதைவிட, கீழ பாரு. அந்தக் குழந்தையோட பாதம். கட்டைவிரலை மடிச்சுக்கிட்டு நிக்குதே, அதைக்கூட விடாம…"

குட்டி அசையாமல் நின்றாள்.

"பாதமா?" என்றாள். சத்தமே வராத குரல்.

அப்போதுதான் மருமகளுக்கும் உறைத்தது. அந்த ஒரு வினாடியில் அவள் பார்த்த நாணயத்தில் முழுப் பெண்ணே இல்லை. இடுப்புக்கு மேலேதான் இருந்தாள். விரிப்பின் அடிப்பக்கம் விளிம்போடு முடிந்துபோயிருந்தது. பாதம் இருக்க இடமே இல்லை.

குட்டி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மருமகளுக்கு முகத்தை மாற்றி வைத்துக்கொள்ளத் தெரியாது. அது அவள் பிறவிக் குறை.

குட்டி மெல்ல அப்பாவுக்கு நேர் எதிரே வந்து குனிந்தாள். அவர் உருப்பெருக்கியை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் செய்வதுபோல அவள் நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி அழகு காட்டினாள். அப்படிச் செய்தால் அவர் மூக்கைப் பிடித்துத் திருகுவார். இத்தனை வயதுக்கு அப்புறமும் திருகுவார். அவர் கை எழவில்லை. புன்னகை அப்படியே இருந்தது.

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டவள் கொஞ்ச நேரம் அந்தப் புன்னகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் இறங்கியதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"முழுப் படத்தையும் போட்டா அவ அரிசி மாதிரி சின்னதா ஆயிடறாப்பா" என்றாள். "முகமே நிக்கல. அதனால கிட்டப் போனேன். பாதத்தை விட்டுட்டேன். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்."

உள்ளறை இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

மாமனாரின் தோள்கள் கீழே இறங்கின. அத்தனை நேரம் நிமிர்ந்திருந்தவர் சட்டைக்குள்ளேயே சுருங்கிப்போனதுபோல இருந்தது.

"உனக்காகத்தான் குட்டி…" என்று தொடங்கினார். "நீ கொண்டு வந்து குடுத்துட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பேன்னு தெரியும். அந்த நேரத்துல வெறுங்கையை விரிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

குட்டி அவர் கையிலிருந்து நாணயத்தை வாங்கினாள். தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள், கையுறை இல்லாமல். பிறகு அவருடைய வலதுகைக் கையுறையை விரல் விரலாக உருவத் தொடங்கினாள்.

"என்ன பண்றே?"

"கையைக் குடுங்க."

"வேண்டாம்." அவர் கையை இழுத்துக்கொண்டார். பதறிவிட்டார். "வேண்டாம்மா. தொட்டா போச்சு. ஒரு தரம் விரல் பட்டுதுன்னா பட்டதுதான். வெள்ளி மறக்காது."

"மறக்க வேணாம்பா. அதுக்குத்தான் கொண்டு வந்தேன்."

அவர் மருமகள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார், காப்பாற்று என்பதுபோல. அவள் வாசல் கதவைச் சாத்தி, 'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள்.

குட்டி அவருடைய கட்டைவிரலைப் பிடித்து நாணயத்தின்மேல் வைத்தாள்.

விரல் முதலில் விளிம்பிலேயே நின்றது. ஆயுள் பூராவும் அங்கேதான் நின்று பழகியது. அங்கிருந்து உள்ளே வருவதற்கு அது பட்ட பாட்டைப் பார்த்தால், முதன்முதலாகக் கடலில் கால் வைக்கிறவரைப் பார்ப்பதுபோல இருந்தது. வந்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது.

"கயிறு" என்றார்.

கண்களை மூடிக்கொண்டார். இனிமேல் அவை தேவையில்லை.

"கிளிப்பு. பக்கத்துல இன்னொண்ணு. இது… இது அவ கை. விரலைத் தனித்தனியாப் போட்டிருக்கியா? ஆமா. மணிக்கட்டு. தோள்." அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. "கன்னம். இவ கன்னத்தை நான் கிட்ட பாத்ததே இல்ல தெரியுமா? அங்க கயிறு கட்டி வச்சிருப்பாங்க. கிட்டப் போனா காவல்காரன் விசில் ஊதுவான்."

விரல் மேலே ஏறியது. அங்கே ஒன்றும் தட்டுப்படாமல் சறுக்கிக்கொண்டு போனது.

"வானம்" என்றார். "வழுவழுன்னு இருக்கு. இன்னும் ஒரு சொட்டுகூட விழல."

மருமகள் மூச்சுவிட மறந்து நின்றாள். அந்த விரல் போகிற இடமெல்லாம் ஏதோ எழுந்து நிற்கிறதுபோல அவளுக்குத் தோன்றியது. எத்தனையோ ஆயிரம் கண்களை அவள் பரிசோதித்திருக்கிறாள். பார்ப்பது என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு மனிதர் ஒன்றை இப்படிப் பார்த்து அவள் பார்த்ததில்லை.

கட்டைவிரல் விரிப்புக்கு வந்தது. மடிப்பு மடிப்பாக இறங்கியது. கீழே விளிம்பு வரைக்கும் போய்விட்டு மேலே திரும்பியது. பாதி வழியில் நின்றது. திரும்ப இறங்கி, திரும்ப ஏறி, அதே இடத்தில் நின்றது.

அவர் நெற்றி சுருங்கியது.

"இங்க காத்து இல்லையே."

"என்னப்பா?" குட்டியின் குரல் மாறியிருந்தது.

"மத்த இடமெல்லாம் துணி காத்துல இழுத்துக்கிட்டு ஓடுது. ஒரு பக்கம் சரியுது. இங்க மட்டும் ஓடாம நிக்குது. உருண்டையா. மெத்துனு." விரல் அந்த இடத்தை மிக மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது, தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடாமல் தடவுவதுபோல. "துணிக்குப் பின்னால யாரோ இருக்காங்க. இது தலை. குட்டி, அந்தக் குழந்தையோட தலைதானே இது?"

குட்டி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்தபடியே சொன்னாள். பாதத்தை விட வேண்டி வந்தபோது குழந்தையையும் சேர்த்து விட்டுவிட மனசு வரவில்லையாம். அதனால் துணிக்குள் ஒரு தலையை வைத்தாள். இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, அவ்வளவு மெல்லிய மேடு. யாரிடமும் சொல்லவில்லை. தேர்வுக் குழு பார்த்தது, ஓவியத்துக்குப் பொறுப்பானவர்கள் பார்த்தார்கள், பத்திரிகைக்குப் படமெடுத்தவர்கள் பார்த்தார்கள். எல்லாரும் லென்ஸ் வைத்துத்தான் பார்த்தார்கள்.

"யாருக்கும் தெரியலப்பா. நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோ, அச்சுல அது வரவே இல்லையோன்னு பயந்து போயிருந்தேன்."

"இருக்கு" என்றார் அவர். "நல்லா இருக்கு. மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது, சிரிப்பு வந்துடக் கூடாதேன்னு."

மருமகள் உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். குனிந்து பார்த்தாள். வெறும் விரிப்புதான் தெரிந்தது. நாணயத்தை விளிம்பில் பிடித்து ஜன்னலுக்கு நேராக அப்படி இப்படிச் சாய்த்தாள். ஒரு சாய்வில், ஒரே ஒரு சாய்வில், துணிக்குள்ளிருந்து ஒரு வட்டம் மெல்ல எழுந்து, அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் மறுபடி ஒளிந்துகொண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மேலே வானத்தில் அவர் விரல் பட்ட இடம் மங்கிப்போயிருந்தது. வரி வரியாக, கருமையாக, ஒரு பக்கமிருந்து சூழ்ந்துகொண்டு வந்தது. மருமகளின் கை பழக்கதோஷத்தில் துடைக்கும் துணிக்குப் போனது. குட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. மேகம் வந்திருக்கு."

அப்போதுதான் இயந்திரம் நின்றுபோயிருந்ததை மருமகள் கவனித்தாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

உள்ளறை வாசலில் அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். கையில் லென்ஸ் துடைக்கும் ஈரத் துணி. தங்கை தரையில் உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்கவில்லை. நாணயத்தையும் பார்க்கவில்லை. அப்பாவின் மடியில் கழற்றிப் போட்டிருந்த கையுறையையும் மேஜைமேல் இருந்த வெறும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"போன வாரம் உன்னைக் கேட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னே."

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கிட்டார். அவளைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கினேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவருக்கு அதெல்லாம் காதிலேயே விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் இன்னும் அந்த மாடியில்தான் இருந்தார்.

"நீயும் வாடா" என்றார், கையை நீட்டி. "கையைத் துடைச்சுக்கிட்டு வா. உன் கட்டைவிரலைக் குடு."

மகன் வந்தான். இந்த வீட்டில் ஒரு நாணயத்தின் முகத்தை ஒருநாளும் தொட அனுமதிக்கப்படாதவன், சின்னப் பையன்போல விரலை நீட்டினான். அப்பா அதைப் பிடித்து விரிப்பின்மேல் வைத்து, இங்கே, இன்னும் கொஞ்சம் கீழே, அவசரப்படாதே என்று வழி நடத்தினார். அவன் முகம் இறுகியேதான் இருந்தது. விரல் ஏறியது, இறங்கியது, நின்றது. புருவம் உயர்ந்தது. உதடுகள் தாமாகவே பிரிந்தன. வியப்பு அவனையும் கேட்காமல் அவன் முகமெங்கும் பரவியது.

ஆனால் அத்தனை நேரமும் அவன் கண்கள் மனைவியின் முகத்தை விட்டு நகரவே இல்லை.